நிறுத்தி வைத்த காரும் புகை விடும்

வாகனத்தின் புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நாம் எல்லோரும் சைலன்சரைத்தான் காட்டுவோம். ஆனால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போன பிறகும் ஒரு கார் காற்றை அசுத்தமாக்கும். இதை மனிதர்கள் கண்டுபிடித்த கதை நாமும் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

1943 ஜூலை 26. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் பட்டப்பகலில் ஒரு புகைமூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. எதிரி நச்சுவாயு அடித்துவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு பழி, செயற்கை இறப்பருக்கு மூலப்பொருள் தயாரித்த ஓர் ஆலையின் மீது விழுந்தது. ஆலையைத் தற்காலிகமாக மூடினார்கள். புகைமூட்டமோ திரும்பத் திரும்ப வந்தது.

விடையைக் கண்டவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்து, கால்டெக் நிறுவனத்தில் பணியாற்றிய இரசாயன அறிஞர். அன்னாசிப்பழத்தின் வாசனை எந்தெந்தப் பொருட்களால் உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். வாசனையைக் குளிரவைத்துத் திரவமாகப் பிடிக்கும் அதே முறையில் நகரத்தின் காற்றையும் பிடித்துப் பார்த்தார். எரியாத பெற்றோலின் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமடைந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார். அந்த நகரத்தில் இறப்பர் சீக்கிரமே வெடித்துப் போனதற்கும் ஓசோன்தான் காரணம்.

எண்ணெய்த் துறையின் பணத்தில் ஆய்வு செய்தவர்கள் அவரை மறுத்தார்கள். பொதுமக்களுக்கும் நம்புவது கடினமாக இருந்தது. ஏனென்றால் குற்றவாளி எங்கோ இருக்கும் ஆலை அல்ல, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்ற கார். அவர் அன்னாசியை விட்டுவிட்டு இந்த வேலையிலேயே முழுதாக இறங்கினார். 1968இல் கலிபோர்னியாவின் காற்று வளச் சபைக்கு முதல் தலைவரானார்.

கணக்குப் பார்த்தபோது, கட்டுப்பாடு எதுவும் இல்லாத அந்தக் காலக் காரிலிருந்து வெளியேறிய ஐதரோகாபனில் சுமார் 60 வீதம் சைலன்சர் வழியாகப் போனது. சுமார் 20 வீதம் எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து. மீதி 20 வீதம் பெற்றோல் டேங்கிலிருந்தும் காபரேற்றரிலிருந்தும் சும்மா ஆவியாகிப் போனது. பகல் வெயிலில் டேங்க் சூடாகும், பெற்றோல் ஆவியாகும், மூடியில் இருந்த சிறு துவாரம் வழியாக வெளியே போகும். அவ்வளவுதான்.

கலிபோர்னியா 1970ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலும், அமெரிக்கா முழுவதும் 1971 மாதிரிகளிலும் இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அதற்குக் கைகொடுத்தது கரி!

டேங்கை இறுக மூடி, ஆவியை ஒரு குழாய் வழியாகக் கரி நிரப்பிய டப்பாவுக்கு அனுப்பினார்கள். இது அடுப்புக் கரி அல்ல, விசேடமாகப் பதப்படுத்திய கரி. ஒரு கிராமில் இருக்கும் நுண்துளைகளின் பரப்பு 1,000 சதுர மீற்றரையும் தாண்டும். ஆவி அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறக்கும். எஞ்சின் உறிஞ்சும் வேகத்தில் வெளிக்காற்று கரிக்குள்ளால் புகுந்து, ஒட்டியிருந்த ஆவியையும் இழுத்துக்கொண்டு எஞ்சினுக்குள் போய் எரியும். கரி அடுத்த இரவுக்குத் தயார். காற்றும் தப்பியது, பெற்றோலும் மிச்சம்.

1990களின் நடுப்பகுதியில் இருந்து அமெரிக்கக் கார்களில் இந்தத் தொகுதியின் கசிவைக் கணினியே பரிசோதிக்கத் தொடங்கியது. 1 மில்லிமீற்றர் துளை இருந்தாலும் எஞ்சின் விளக்கு எரியும்.

இனி நமது பக்கம் வருவோம். வருடா வருடம் நாம் எடுக்கும் புகைப் பரிசோதனையில் அளப்பது சைலன்சரில் வருவதைத்தான். டேங்கிலிருந்து போகும் ஆவி நமது மனச்சாட்சிக்கு விடப்பட்ட விடயம். அந்த ஆவியில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் இருக்கிறது. வீட்டோடு ஒட்டிய கராஜில் கார் நின்றால், அதைச் சுவாசிப்பது நமது பிள்ளைகள்தான்.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. பெற்றோல் செட்டில் பம்ப் தானாக நின்ற பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று நிரப்பச் சொல்லாதீர்கள். திரவப் பெற்றோல் கரி டப்பாவுக்குள் போனால் அது பழுதாகிவிடும். டேங்க் மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். "இது தேவையில்லாத சாமான்" என்று யாராவது அந்த டப்பாவைக் கழற்ற வந்தால் விடாதீர்கள்.

நிறுத்திய காருக்குப் பக்கத்தில் பெற்றோல் மணந்தால், அது வழமைதானே என்று கடந்து போகாமல் ஒருமுறை காட்டிப் பார்ப்போம். நமது வாசலில் இருந்து போவதற்கு நாம்தான் பொறுப்பு.