மலைக்காட்டில் தாவளம் தேர்ந்த வரலாறு

வள்ளுவப் பெருந்தகை அரசியல் பற்றி அதிகாரங்களை வகுத்தபோது, காலமறிதலை அடுத்து இடனறிதலை வைத்தார். பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டிலும், அரசன் காட்டில் பாசறை அமைத்த முறையை நப்பூதனார் விரித்துரைக்கின்றார். காட்டாற்றை ஒட்டிய அகன்ற வெளி, புதர் வெட்டித் திருத்திய நிலம், முள்வேலி, தழை வேய்ந்த குடில்கள் என்று அப்பாசறை நம் கண்முன் எழுகின்றது. அவற்றுள் ஆறே முதலில் வருகின்றது என்பதை அன்பர்கள் கருத்தில் இருத்துக.

நான் கூறப் புகுவது அரசர் பாசறையை அன்று. நாம் ஆண்டுதோறும் மே மாத விடுமுறையில் மூட்டை முடிச்சுகளுடன் ஊர் செல்லும் இருப்புப்பாதை, கர்ஜத் நிலையத்தைக் கடந்ததும் ஸஹ்யாத்திரி மலைக்காட்டின்மேல் ஏறுகின்றது. அக்காட்டில் 1850 முதல் 1863 வரையிலான குறுகிய காலத்தில் இருவகையார் தாவளம் அமைத்தனர். ஒருவகையார் இடம் தேர்ந்து அமைத்தனர். மற்றவர்க்கு இடம் தேரும் உரிமை இருந்ததில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே என் எண்ணம்.

கொங்கணக் கரையிலிருந்து தக்காணத்துக்கு ஏறும் இக்கணவாய்க்குப் போர் காட் என்று பெயர். அதிலுள்ள போர் மராத்திச் சொல். நம் தமிழ்ப் போர் அன்று. பொதியெருதுகளும் படைகளும் நெடுங்காலம் ஏறி இறங்கிய வழி இது. 1830-இல் கவர்னர் ஸர் ஜான் மால்கம் காலத்தில் வண்டிப்பாதை திறக்கப்பட்டது. அதற்கும் முன்னரே, பேஷ்வாக்களின் அமைச்சர் நானா பட்னவீஸ், மலையடியிலுள்ள கோபோலியில் ஒரு பெருங்குளமும் அதன் கரையில் சிவன் கோயிலும் எடுத்தார். வழிநடந்து களைத்தவன் மலையேறும் முன் எங்கே தங்குவான்? நீருள்ள இடத்தில் தங்குவான். அதனை அறிந்து செய்த தருமம் அது. குளம் இருக்கும் இடமே தாவளம் என்பது நம் நாட்டுச் சத்திரங்களுக்கும் பொருந்தும் இலக்கணமன்றோ?

இனி முதல் வகையாரைக் காண்போம். 1850 மே மாதத்தில் தாணே மாவட்டக் கலெக்டர் ஹ்யூ மாலெட் என்பார் சௌக் என்னும் சிற்றூரில் கூடாரம் அடித்திருந்தார். ஒரு மாலை எதிரேயிருந்த மலையில் பாதி வரை நடந்தார். உச்சியைக் காணும் ஆவல் எழவே, மறுநாள் ஊர்ப் பாட்டீலின் ஆள் ஒருவரைத் துணைகொண்டு உச்சிக்கே ஏறினார். அடர்ந்த காடும் குளிர்ந்த காற்றும் அங்கே இருந்தன. ஆயினும் அவர் இறங்கும்போது கையில் கொண்டுவந்தது வேறொன்று. மலைமேல் ஓர் ஓடையிலிருந்து ஒரு புட்டி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இச்சிறு செய்தியை நான் முதலில் படித்தபோது வியந்தேன். அவர் ஏறிய திங்கள் மே. ஸஹ்யாத்திரியில் மழை ஆண்டுக்கு 150 அங்குலத்துக்கு மேல் கொட்டினும், அது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையே பெய்யும். கரும்பாறைச் சரிவில் விழுந்த நீர் நில்லாது ஓடிவிடும். பங்குனி சித்திரையில் ஓடைகள் வறண்டு, குழிகளில் மட்டும் நீர் தங்கும். அத்தகைய மே மாதத்தில் உச்சியில் தண்ணீர் இருக்குமாயின், அம்மலையில் ஆண்டு முழுதும் ஆள் தங்கலாம். அதற்குக் காரணமும் உண்டு. அவ்வுச்சியில் செம்புரைக்கல் போர்த்தியிருக்கின்றது; அது மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடும். மாலெட் நவம்பரில் மீண்டும் வந்து தங்கி, காட்டில் பாதைகள் திருத்தினார். பின்னர் வீடும் கட்டினார். அதன்பின் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபு சாலைகளை வகுத்தார். நம் பிள்ளைகள் குதிரையேறிக் களிக்கும் மாத்தேரான் அவ்வாறு உண்டான ஊரே. அக்காட்டை அறிந்தவர் அதற்கு முன் இல்லை என்று எண்ணற்க. தங்கர்களும் தாக்கூர்களும் காத்கரிகளும் தொன்றுதொட்டு வாழ்ந்த காடு அது. கலெக்டருக்கு வழிகாட்டியவரும் உள்ளூர் ஆளே.

இரண்டாம் வகையாரின் வரலாறு இவ்வளவு இனியதன்று.

1853 ஏப்ரல் 16-இல் போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதல் புகைவண்டி ஓடிற்று என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்ததே. அதனை அமைத்த கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி, தடத்தை மலைமேல் ஏற்றத் திட்டமிட்டார். 1856-இல் போர் காட் வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ 16 மைல் நீளத்தில் 1,831 அடி ஏற்றம், 25 சுரங்கங்கள். சில இடங்களில் 37 அடி நடந்தால் ஓரடி ஏற்றம். புகைவண்டிக்கு இஃது எத்துணைக் கடினம் என்பதை, இன்றும் கர்ஜத்தில் பின்னிருந்து தள்ளும் எஞ்சின்கள் மாட்டப்படும்வரை காத்திருந்து வடாபாவ் உண்ணும் நாம் அறிவோம்.

வேலைக்கு வந்தோர் தொகை ஆண்டுதோறும் பெருகி, 1861 ஜனவரியில் 42,000 ஆயிற்று. ஆடவர் மட்டுமல்லர், பெண்டிரும் பிள்ளைகளும் மண் சுமந்தனர். இத்துணைப் பேரும் எங்கே தங்கினர்? எங்கே சுரங்கம் குடையப்பட்டதோ, எங்கே பாலம் எழும்பியதோ, அதன் அருகே தங்கினர். சமநிலம் அரிதாகிய செங்குத்துச் சரிவில், இலையும் புல்லும் வேய்ந்த குடிசைகள் எழுந்தன. சுரங்க வாயிலுக்கு அருகில் ஊற்று இருக்கவேண்டும் என்ற நியதி இல்லையே! பாறையைப் பார்த்துத் தடம் குறித்தனர். தடத்தைப் பார்த்துக் குடிசை போட்டனர். தண்ணீரைப் பற்றிய எண்ணம் அதற்குப் பின்னரே வந்தது.

மஸ்டர் ரோல் எழுதிப் பழகிய கை எனது. ஆதலின் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் என்று மிகக் குறைத்து வைத்தாலும், 42,000 பேருக்கு 42,000 காலன் வேண்டும். குழாயில் நீர் வராத நாளில் நம் காலனிப் பெண்கள் தூக்கும் மண்ணெண்ணெய்த் தகர டின் நான்கு காலன் கொள்ளும். அவ்வாறாயின் நாளொன்றுக்கு 10,500 டின். வெயிற்காலத்தில் வறண்ட ஓடையின் குழிகளிலிருந்து இதனை மொண்டாகவேண்டும். அக்குழியிலேயே குளித்தலும் துணி அலசுதலும் நடந்திருக்கும். மேலும், மலைச்சரிவில் தாவளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தால், மேலுள்ளோர் கழித்தது கீழுள்ளோர் பருகும் நீரில் வந்து சேருமல்லவா?

காலரா வந்தது, ஒருமுறையன்று, மீண்டும் மீண்டும் வந்தது. 1860-இல் பெர்க்லி லண்டன் பொறியாளர் கழகத்தில் படித்த கட்டுரையில் ஓர் உண்மையை மறைக்காது கூறினார். மழையற்ற எட்டு மாதங்களே வேலைக்கு ஏற்றவை. ஆயினும் அம்மாதங்களிலேயே கொள்ளைநோய் எழுகின்றது. தங்க நல்ல இடமும் உடுக்கப் போதிய உடையும் இல்லாத தொழிலாளர் விரைந்து மாய்கின்றனர் என்பது அதன் சாரம். வெயிற்காலத்து நீர்க்குழியே நோயின் வாயில் என்பதை அவர் காலத்து மருத்துவர் பலர் ஏற்கவில்லை. நோய் கெட்ட காற்றால் பரவும் என்றே நம்பினர். லண்டனில் மருத்துவர் ஜான் ஸ்னோ 1854-இலேயே ஒரு தெருக்குழாயைச் சுட்டிக் காலரா நீரால் பரவுவது என்று வாதிட்டிருந்தார். ராபர்ட் கோக் அக்கிருமியை எகிப்திலும் கல்கத்தாவிலும் இனங்கண்டது 1883, 1884-ஆம் ஆண்டுகளில். போர் காட்டில் வண்டி ஓடத் தொடங்கி இருபது ஆண்டுகள் கழிந்தபின் அது.

நோய் பதவி பார்க்கவில்லை. 1859-இல் கூலித் தகராறு கலகமாக மூண்டு, முதல் ஒப்பந்தக்காரர் வில்லியம் பேவியல் விலகினார். அவ்விடத்துக்கு வந்த ஸாலமன் ட்ரெட்வெல் சில வாரங்களுக்குள் நோயுற்று இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் அம்மையார் கப்பலேறித் திரும்பாமல், இரு பொறியாளர்களை மேலாளராக அமர்த்தி ஒப்பந்தத்தை நிறைவேற்றினார். அம்மாதரசியின் திண்மை போற்றத்தக்கது. அக்கலகத்தின் விளைவாக 1860-இல் ஒரு சட்டமும் வந்தது. அது கூலி வழக்குகளை விரைந்து தீர்ப்பதற்கான சட்டம், குடியிருப்பைப் பற்றியதன்று. இம்மலையில் மாண்ட தொழிலாளர் ஏறத்தாழ 25,000 என்றொரு கணிப்பு நூல்களில் வழங்குகின்றது.

1863 ஏப்ரல் 21-இல் கவர்னர் ஸர் பார்ட்டில் பிரீயர் பாதையைத் திறந்துவைத்தார். மே 14 முதல் வண்டிகள் ஓடின. அதே 1863-இல் லண்டனில், இந்தியாவிலுள்ள பிரிட்டிஷ் படையின் சுகாதாரம் பற்றிய அரசாங்க ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் ஆயிரவரில் ஆண்டுக்கு 69 பேர் இறந்தனர் என்று அது கணக்கிட்டது. பாளையத்துக்கு இடம் தேர்வது எவ்வாறு, குடிநீர் எத்தகையது, கழிவு எங்கே செல்லவேண்டும், மலைமேல் எத்துணைப் படை இருக்கலாம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக ஆராய்ந்தது. சிப்பாய் இறந்தால் அவனுக்கு ஈடாக மற்றொருவனைக் கப்பலில் கொணரவேண்டும்; செலவு மிகுதி. ஆதலால் எண்ணினார்கள். மண் சுமந்தவள் இறந்தால் மறுநாள் மற்றொருத்தி வருவாள். இக்கருத்து கடுமையாயின் அன்பர்கள் பொறுத்தருள்க. கணக்கு அப்படித்தான் இருக்கின்றது.

வேலை இருக்குமிடத்தில் குடியிருப்பு என்பது பம்பாய் வந்த தமிழர்க்கும் புதிதன்று. 1896-இல் பிளேக் நோய் தாக்கியபின் ஏற்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர் மாதுங்கா பகுதியில் தெருவும் சாக்கடையும் முன்கூட்டியே வகுத்து மனைகளைப் பிரித்தது. மாத ஊதியம் பெற்ற நம்மவர் அங்கே குடியேறினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களோ, மாஹிம் கழியின் ஓரத்துச் சதுப்பில், தோல் ஷெட்டுகளின் அருகே குடிசை போட்டனர். கற்குவியலும் குப்பையும் கொட்டி அச்சதுப்பைத் தம் கையாலேயே மேடாக்கினர். தாராவி அவ்வாறு எழுந்தது. அங்கே பிறந்து வளர்ந்த அன்பர் பலர் நம் சங்கத்தில் உளர். அவர்களுக்கு நான் போர் காட்டுக் குடிசைகளை விளக்கவேண்டியதில்லை.

மாத்தேரானுக்கு 1907 முதல் நேரலிலிருந்து சிறு ரயில் ஓடலாயிற்று. அதனை அமைத்தவர்கள் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார். மோட்டார் வண்டிகளை ஊருக்குள் விடாமல் காத்துவருகின்றனர். கண்டாலாவுக்கு அருகே வண்டி நின்று திசைமாறி ஏறிய பழைய திருப்பு நிலையம் 1929-இல் புதுத் தடம் அமைந்தபின் கைவிடப்பட்டது.

அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் குடும்பத்தினர் நேரல் தாண்டியதும் வலப்புறச் சன்னலில் அமர்ந்தால் மாத்தேரான் மலையைக் காணலாம். கர்ஜத்துக்கு அப்பால் பழஸ்தரியில் ஒரு தடம் பிரிந்து கோபோலிக்குச் செல்லும். 1856-இல் திறக்கப்பட்ட தடம் அது. காட் வேலை முடியும்வரை பயணிகள் கோபோலியில் இறங்கி, பல்லக்கிலும் மட்டக் குதிரையிலும் கண்டாலா ஏறி, அங்கே மறுவண்டி பிடித்துப் புணே சென்றனர். இன்றும் கர்ஜத்திலிருந்து கோபோலிக்கு உள்ளூர் வண்டி உண்டு. நானா பட்னவீஸின் குளமும் அதன் கரைக் கோயிலும் அங்கே இருக்கின்றன.