கொத்தனாரின் பெயர்

கங்கையின் வண்டல் படிந்த நிலத்தில் கல் கிடைப்பதில்லை. ஆதலின் கல்கத்தா மாநகர் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பியே வளர்ந்தது. அத்தகைய ஊரில், கல்லிலே தம் பெயரைப் பொறித்து வைத்த பழங்குடிகளுள் முன் நிற்போர் ஆர்மீனியர். அவர்களும் நம்மைப் போலப் பிழைப்பு நாடி வந்தவர்களே.

1688-இல் கோஜா பானூஸ் கலந்தர் என்னும் ஆர்மீனிய வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். கம்பெனியின் நகரங்களில் எங்கு ஆர்மீனியர் நாற்பதுபேர் குடியிருப்பினும், அங்கு அவர்தம் வழிபாட்டிற்கு நிலம் வழங்கி, முதற்கண் மரத்தால் ஆலயம் அமைத்துத் தருதல் வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. வாணிகம் பேச வந்தவர் வழிபாட்டிற்கும் இடம் கேட்டது எண்ணி மகிழத்தக்கது.

படாபஜாரை அடுத்த நாசரேத்து ஆலயம், பழைய மரக்கோயில் தீக்கிரையான பின், 1724-இல் ஆகா நாசர் என்பவரின் முயற்சியால் அவர்களது இடுகாட்டு நிலத்தில் எழுந்தது. அதனை வகுத்தமைத்தவர் பாரசீகத்திலிருந்து வந்த கவோந்து என்பர். மணிக்கூண்டு 1734-இல் சேர்ந்தது. முற்றமெங்கும் பதிந்துள்ள கல்லறைக் கற்களுள் ஒன்று, சுக்கியாஸ் என்பாரின் மனைவி ரெசாபீபியினுடையது. அதிலுள்ள ஆண்டு 1630 எனப் படிக்கப்படுகிறது. அதுபற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு.

இம்மக்களைத் தமிழகமும் அறியும். சென்னையில் 'ஆர்மேனியன்' என்ற சொல்லே நம் நாவில் திரிந்து 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-இல் பழைய பாலம் அமைத்தவரும், பரங்கிமலைக்குப் படிகள் கட்டுவித்தவரும் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனியரே.

இன்று கல்கத்தாவில் எஞ்சியுள்ள ஆர்மீனியர் மிகச் சிலரே. எனினும் ஜனவரி 6-ஆம் நாள் அவர்தம் கிறிஸ்துமஸ் திருநாள் இன்றும் கொண்டாடப்படுகிறது. குடி குறைந்தும் கட்டடம் அவர்களைக் காத்து நிற்கிறது.

ஒன்று மட்டும் நெஞ்சை உறுத்துகிறது. பொருள் ஈந்தவர் பெயரும், வகுத்தவர் பெயரும் நமக்கு எட்டின. ஆனால், வெயிலில் நின்று சுண்ணாம்பு குழைத்துச் சுவரெழுப்பிய கொத்தர்களின் பெயர் எவருக்குத் தெரியும்? நம் முன்னோருள்ளும் இந்நகருக்கு முதலில் வந்து, ஒற்றை அறையில் ஒண்டியிருந்து, பின்வந்தோர்க்கு வழிகாட்டியவர் பலர். அவர்தம் பெயர், ஊர், வந்த ஆண்டு, செய்த தொழில் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இன்றே எழுதி வைப்போம். நமக்கு வாய்த்த கல்வெட்டு அதுவே.