யோசேப்பின் கனவும் அர்க்கெலாவின் கனவும்



ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் கோயில் வாசலில் காத்திருந்தார். முந்தைய இரவு கண்ட கனவு அவரை உலுக்கியிருந்தது. வீட்டுக்குள் வெள்ளம் ஏறுகிறது. பிள்ளைகள் இருவரையும் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறார், கால் நகரவில்லை. “சாமி, இது ஏதாவது கெட்டதுக்கு அறிகுறியா? மந்திரிச்சுக் கயிறு கட்டணுமா?” என்று கேட்டார்.

புனித யோசேப்புக்கும் பெத்லகேமில் இப்படியொரு இரவு வந்தது. ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடுகிறான், எகிப்துக்குத் தப்பிப் போ என்று ஆண்டவரின் தூதர் கனவில் எச்சரித்தார் (மத் 2:13-15). ஏரோது எப்படிப்பட்டவன் என்பது நாடறிந்த செய்தி. தன் மனைவி மரியம்னேயையும் பெற்ற மகன்கள் இருவரையும் கொல்வித்தவன் அவன். எகிப்தோ கி.மு. 30 முதல் உரோமையரின் நேரடி ஆட்சியில் இருந்தது; ஏரோதின் அதிகாரம் அங்கே செல்லாது. அலெக்சாந்திரியா நகரில் யூதர்கள் பெருந்திரளாக வாழ்ந்தார்கள். யோசேப்பு இரவோடு இரவாகக் குழந்தையோடும் தாயோடும் புறப்பட்டார்.

கி.மு. 4-இல் ஏரோது இறந்தான். மகன் அர்க்கெலா யூதேயாவை ஆளத் தொடங்கினான். தொடக்கத்திலேயே, பாஸ்கா விழாவில் எழுந்த கலகத்தை அடக்க ஏறக்குறைய 3,000 பேரை அவன் கொன்றதாக யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதுகிறார். நாடு திரும்பிய யோசேப்பு, அர்க்கெலா ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு யூதேயா செல்ல அஞ்சினார். அதன் பிறகே கனவில் எச்சரிப்பு வந்தது; கலிலேயாவுக்குப் போனார் (மத் 2:22). கவனியுங்கள்: பகலில் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்தவருக்குத்தான் இரவில் வழி காட்டப்பட்டது.

அந்த அர்க்கெலாவும் ஒரு கனவு கண்டான். முற்றிய தானியக் கதிர்களை எருதுகள் தின்றன. குறி சொல்வோரை அழைத்துப் பொருள் கேட்டான். கதிர்கள் உன் ஆட்சி ஆண்டுகள், அவை முடிகின்றன என்றார் சீமோன் என்ற எசேனியர். இதையும் யோசேபுஸ்தான் எழுதுகிறார். கி.பி. 6-இல் பேரரசர் அகுஸ்து அவனைப் பதவியிறக்கி, இன்றைய பிரான்சிலுள்ள வியன் நகருக்கு நாடு கடத்தினார்.

ஒருவன் தனக்கு என்ன நேரும் என்று கேட்டான். மற்றவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களுக்காக எழுந்து நடந்தார். கனவுகளை நம்பி ஏமாறாதீர்கள் என்று சீராக்கின் ஞான நூல் 34-ஆம் அதிகாரம் எச்சரிப்பதும் இதனால்தான். அயலாரைச் சந்தேகிக்கவும் குறிகாரரிடம் ஓடவும் தூண்டுகிற கனவை விட்டுவிடுங்கள்.

அந்தத் தாயிடம் சொன்னேன்: “கயிறு வேண்டாம் அம்மா. பிள்ளைகள் மேல் நீங்கள் வைத்திருக்கும் பாசம்தான் கனவில் தவித்திருக்கிறது. உங்கள் வீடு ஏரிக்கரையில்தானே இருக்கிறது? பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். தண்ணீர் ஏறினால் எங்கே போவது என்று வீட்டில் பேசி வையுங்கள். பிறகு செபமாலை சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.”

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், உறங்கும் யோசேப்பின் சுரூபத்தைத் தம் மேசையில் வைத்திருந்தார். தம் கவலைகளைத் தாளில் எழுதி அதன் கீழ் வைப்பதாக 2015-இல் மணிலாவில் குடும்பங்களிடம் கூறினார். நாமும் நம் பயங்களை அவரிடம் ஒப்படைப்போம்; விடிந்ததும் நம் கடமைக்கு எழுவோம்.

புனித யோசேப்பே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.