நார்த்தாமலையில் பாய்ந்த தோட்டாவும் 'உயிர் போகாத' துப்பாக்கியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2021 டிசம்பர் 30. நம்ம புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கம் துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயசு பையன் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான்.

அந்தத் தளத்தில் சுடுவதை அதுக்கப்புறம்தான் நிறுத்தினார்கள்.

"அதுக்குத்தான் சார், போலீஸுக்கு தோட்டாவுக்குப் பதிலா கரண்ட் ஷாக் துப்பாக்கி கொடுக்கணும். உயிர் போகாதுல்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வரலாற்றைப் பார்ப்போம்.

1970களில் அமெரிக்காவில் ஜாக் கவர் என்பவர் உருவாக்கியது டேசர். சிறுவர் சாகசக் கதை ஒன்றில் வரும் மின்சாரத் துப்பாக்கியை வைத்து அந்தப் பெயர். அப்போது வெடிமருந்தால் இயங்கியது. 1990களில் நைட்ரஜன் வாயுவுக்கு மாறிய பிறகு, உலகம் முழுக்க போலீஸ் இடுப்பில் ஏறியது.

எப்படி வேலை செய்யுது? கம்பி கட்டின ரெண்டு ஊசி உடம்பில் குத்தும். ஒரு முறை அழுத்தினால் வழக்கமாக 5 விநாடி மின்துடிப்பு. தசையெல்லாம் இறுகி ஆள் அப்படியே சாய்வார். 50,000 வோல்ட்டுனு பயமுறுத்துவாங்க. உடம்புக்குள்ள போறது அதைவிட ரொம்பக் குறைவு. பெரும்பாலானவர்கள் எழுந்துவிடுவார்கள்.

ஆனா எல்லாரும் இல்லை. ஊசி நெஞ்சில், இதயத்துக்குப் பக்கத்தில் குத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நின்ற நிலையில் விழுவதால் மண்டை உடையலாம். 2009ல் தயாரித்த கம்பெனியே "நெஞ்சைக் குறி வைக்காதீங்க" என்று அறிவுறுத்தியது.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2007 அக்டோபர் 14, கனடாவின் வான்கூவர் விமான நிலையம். போலந்தில் இருந்து வந்த ஒரு பயணி. ஆங்கிலம் தெரியாது. பல மணி நேரம் உள்ளேயே தவித்துக் குழம்பிப் போயிருந்தார். போலீஸ் வந்த அரை நிமிஷத்துக்குள்ள டேசர். மொத்தம் 5 முறை. அங்கேயே இறந்தார். நீதிபதி பிரெய்ட்வுட் தலைமையிலான விசாரணை, அதைப் பயன்படுத்தியது நியாயமே இல்லை என்று 2010ல் சொன்னது. 'உயிர் போகாது' என்ற நம்பிக்கைதான் கையை சீக்கிரம் விசைக்குக் கொண்டுபோகுது.

அதே 2007ல் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்புக் குழு, டேசர் சில நேரம் சித்திரவதையே ஆகும் என்றது. அந்த ஒப்பந்தத்தில் 1997ல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை உறுதி செய்யவில்லை.

நம்மகிட்ட நல்ல விதிகளும் இருக்கு. காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்கணும்னு டி.கே. பாசு வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால், எந்த ஊர் போலீஸ் கையிலும் இது வருவதற்கு முன்னாடி எழுதி வைக்க வேண்டியவை:

👉 யாருக்காவது உடனடியா உடல் காயம் ஏற்படும் நிலையில் மட்டும்
👉 நெஞ்சில் கூடாது, திரும்பத் திரும்பக் கூடாது
👉 கர்ப்பிணி, குழந்தை, முதியவர் மேல் கூடாது
👉 காவலில் இருப்பவர் மேல் ஒருபோதும் கூடாது
👉 ஒவ்வொரு முறையும் பதிவு, உடனே டாக்டர் பரிசோதனை, ஈசிஜி

நார்த்தாமலையில் எல்லை போட்டது ஒரு குழந்தை போன பிறகு. அடுத்த ஆயுதத்துக்காவது முதலில் எல்லையைப் போடுவோம்.