துண்டு போன பிறகும்

நம்ம தோட்டங்களில் அதிகாரத்தைத் தானாகத் தேடிப்போன முதல் ஆள் கங்காணி. அவரை யாரும் தேர்ந்தெடுக்கல. ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார். அந்தக் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறியது. தோட்டம் மாறினாலும் துண்டு கூடவே வந்தது. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் துரை பெரிய கங்காணிக்குக் காசு கொடுத்தார். சனம் கடனில் கிடக்கும் வரைக்கும்தான் அவருக்கு மதிப்பு.

1921இல் துண்டு ஒழிந்தது. பிறகு தொழிற்சங்கம் வந்தது. தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தவர். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஆள் சேர்த்தார். 1936இல் ஹட்டன் தொகுதி அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது.

1947இல் நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். கங்காணியாக வந்து வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவரின் மகன். மறு வருஷமே குடியுரிமைச் சட்டம்; தொடர்ந்து வாக்கும் பறிபோனது. 1977இல் மறுபடி வென்று, 1978இல் மந்திரியானார். அப்போது தோட்டங்கள் அரசாங்கத்தின் கையில் இருந்தன. அதாவது தொழிலாளியின் தலைவரும் முதலாளியின் மந்திரியும் ஒரே ஆள்! இதுக்கு என்ன பேர் வைக்கிறது?

ஆனா அவரை இதோடு அடைத்துவிடவும் முடியாது. மந்திரியாக இருந்துகொண்டே 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்தில் நின்றார்; ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது அப்போதுதான். 1986 பிரார்த்தனைப் போராட்டம் குடியுரிமைக் கதவைத் திறந்தது. பதவி ஆசை உள்ளவரும் வேலை செய்வார். எங்கள் சந்தேகம் வேறு இடத்தில்: சனத்தின் எந்தக் குறையைக் காட்டி ஒருவர் மேலே வந்தாரோ, அந்தக் குறை முழுசாகத் தீர்ந்தால் அடுத்த தேர்தலில் அவர் எதைக் காட்டுவார்?

நாட்சம்பளம் 1000 ரூபாய் என்ற பேச்சு 2015 தேர்தல் மேடையிலேயே இருந்தது. 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700. ஆயிரம் வந்தது 2021இல், அதுவும் சம்பள நிர்ணய சபை வழியாக. இதற்குள் தலைமை பேரன் ஆறுமுகன் தொண்டமானிடம் போய், 2020இல் அவர் மகன் ஜீவனிடமும் வந்துவிட்டது.

கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதாமாதம் சந்தா வெட்டப்பட்டதும் அவங்க சம்பளத்தில்தான். ஆனால் மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனது 2024 நவம்பரில்தான்: நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல். ரெண்டு பேரும் எந்தத் தோட்டத் தொழிற்சங்கத்தின் பட்டியலிலும் வந்தவங்க இல்ல.