நண்பகல் இடைவேளை

சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நாளில், பெரம்பூர்ப் பின்னி ஆலைகளில் நண்பகல் உணவுக்குக் கிடைத்த பொழுது அரை மணியே. கை கழுவி, உண்டு, சங்கு ஊதுமுன் தறிக்கு மீளல் வேண்டும்! இக்குறையைச் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் பி. பி. வாடியாவிடம் கொணர்ந்தனர். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று, திரு. வி. க. துணை நின்றார். இடைவேளையை நீட்டுக என்பது அதன் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று.

1922-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆறு மணி உழைத்தவர்க்கு ஒரு மணி ஓய்வு வகுத்தது. ரேணிகுண்டா, பாகாலா நிலையங்களில் உழைத்த நம்மவர்க்கோ இரயில்வே விதி வேறு. 1930-ஆம் ஆண்டுத் திருத்தம், 'இடைவிட்ட வேலை'யினர்க்கு வாரம் 84 மணி வரை இசைந்தது. வண்டி வாராப் பொழுதெல்லாம் ஓய்வென எண்ணினர் போலும்! 1947-இல் நீதிபதி இராஜாத்யக்ஷரின் தீர்ப்பு அதனை 75 ஆக்கிற்று.