யோசெமிட்டியைத் தப்பாய்ப் படித்தவர்கள்

காடமர்னு ஒரு ஜெர்மன் தத்துவக்காரர். 1960ல் 'உண்மையும் முறையும்' என்று ஒரு புத்தகம் போட்டார் (தலைக்கு வெச்சுப் படுக்கலாம், அவ்வளவு தடிமன்). அவர் சொன்னதை நம்ம பாஷையில சொன்னா... யாரும் காலி மண்டையோட எதையும் படிக்கிறதில்லை. முன்முடிவோடதான் படிக்கிறோம். அதுல குத்தமில்லை, அது இல்லாம படிக்கவே முடியாது. ஆனா எதிர்ல இருக்கிறது திருப்பிப் பேசினா காது கொடுக்கணும். பொருள்கோளியல்னு தமிழ்ல சொல்வாங்க.

புத்தகத்துக்கு மட்டுமில்லை, காட்டுக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி. சாட்சி, கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு.

1851 மார்ச்சில் மரிபோசா பட்டாளம் உள்ளே நுழைந்தது, அங்கே இருந்த அவானீச்சி மக்களைத் துரத்த. போன இடத்தில் பரந்த புல்வெளி, நடுநடுவே ஓக் மரங்கள், பூங்கா மாதிரி இருந்தது. மனுசக் கை படாத இயற்கைன்னு பின்னால் வந்தவர்கள் வாசித்தார்கள். 1864ல் லிங்கன் கையெழுத்துப் போட்டு அதைப் பாதுகாக்கச் சொன்னார். 1890ல் தேசியப் பூங்கா. ஜான் மியூர் எழுதி எழுதியே அதை உலகத்துக்குக் காட்டினார். பாறையில் இருந்த தடயங்களை வெச்சே பனியாறு குடைந்த பள்ளத்தாக்கு இதுன்னு வாதாடிய மனுசன் அவர். அவருக்கே பூர்வகுடிகள் அந்தக் காட்சியில் ஒட்டாத அழுக்கு ஆட்களாத்தான் தெரிந்தார்கள்.

கல்லைப் படிச்சவர் சாம்பலைப் படிக்கலையே!

ஏன்னா அந்தப் பூங்கா தானா வந்ததில்லை. ஓக் கொட்டைதான் அவானீச்சிகளுக்குச் சோறு. அடிக்கடி புல்லுக்கு அளவாகத் தீ வைப்பார்கள். ஊசியிலை மரங்கள் ஏறி வந்து ஓக்கை அமுக்காது, கொட்டை பொறுக்கலாம், புதுப்புல்லுக்கு மான் வரும்.

அவர்களைத் துரத்தி, தீயையும் தடை செய்தாச்சா... புதர் மண்டியது. தலைவர் டெனாயாவின் பேத்தி டோடூயா, சின்னப் பெண்ணாக 1851ல் வெளியேறியவர், 1929ல் கிழவியாகத் திரும்பி வந்து பார்த்தார். ஒரே புதரும் குப்பையுமா கிடக்குன்னு தலையை ஆட்டினார். அதைவிட நல்ல உரை அந்தப் பிரதிக்கு யாரும் எழுதலை. கேட்கத்தான் ஆளில்லை.

மரிபோசா தோப்பிலும் இதே கதை. சீக்வோயா காய் தீயின் சூட்டில்தான் நல்லா வெடிக்கும், விதைக்கு வெறும் மண் வேணும். தீ இல்லாததால் கன்றுகள் இல்லை, அடியில் வேற மரங்கள் நெருக்கின. 1960களில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சொன்ன பிறகு, 1970ல் பூங்காவே திட்டமிட்டுத் தீ வைக்க ஆரம்பித்தது. 2022 ஜூலையில் வாஷ்பர்ன் காட்டுத்தீ தோப்புக்குள் வந்தப்போ, முன்னாடியே எரித்து வைத்த இடங்களில் அடங்கித்தான் போனது. பெரிய மரங்கள் தப்பின.

காடமர் சொல்ற உரையாடல் எல்லாம் சரி. ரெண்டு பேரும் இருந்தாத்தானே உரையாடல்? ஒருத்தரை அடிச்சு விரட்டிட்டு மத்தவர் தனக்குத்தானே பேசினா?

பள்ளத்தாக்கில் மிஞ்சியிருந்த பூர்வகுடிக் குடியிருப்பின் கடைசி வீடுகளை 1969ல் கொளுத்தினார்கள். தீயணைப்புப் பயிற்சிக்காம்! காட்டுக்குத் தீ நல்லதுன்னு ஒத்துக்கிட்டது அதுக்கு அடுத்த வருசம். அதே இடத்தில் அந்தக் கிராமத்தைத் திரும்பக் கட்ட 2018ல்தான் ஒப்பந்தம் ஆச்சு.